இருங்காட்டுக்கோட்டை சொல்ல வருதுன்னா ஐசோப்ரோப்பைலும் வரும்

இன்னைக்கு எபிசோட் ஒரு போன் காலில் ஆரம்பிக்குது.

போன மாசம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு என் சித்தி பொண்ணு கூப்பிட்டாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறாள். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம்.

"அண்ணா, நாளைக்கு ஷிப்ட் ஆரம்பிக்கிறப்ப டூல்பாக்ஸ் மீட்டிங்ல நான்தான் படிக்கணும். கெமிக்கல் பேப்பர். நாப்பது பேர் நிப்பாங்க. முதல் வார்த்தையே வாயில நுழையல."

"எழுத்து எழுத்தா சொல்லு."

"ஐ, எஸ், ஓ, பி, ஆர், ஓ, பி, ஒய், எல். அதுக்கப்புறம் ஆல்கஹால்."

"அட, அது ஐ.பி.ஏ. மா. நீ போர்டு துடைக்கிறதுதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: "மூணு மாசமா நான் கையில தொட்டுக்கிட்டு இருக்கிறது இதுவா?"

அந்தக் கேள்விதான் என்னை இந்த எபிசோடைப் பண்ண வெச்சது. தினமும் எட்டு மணி நேரம் பக்கத்திலேயே இருக்கிற ஒரு பொருளோட முழுப் பெயர் அவளுக்குத் தெரியாது. அந்தப் பெயரை ஒரு காகிதத்தில் பார்த்தபோது அதுதான் இதுன்னும் தெரியலை. இது அவளோட தப்பு இல்லை. ஒன்பது எழுத்து வரிசையா நின்னா கண்ணு பயந்துடும். எனக்கும் அப்படித்தான். நான் இன்ஜினியரிங் முடிச்சவன், முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரி லேபில் பாட்டில் லேபிளைப் படிக்காமலே, மூடியோட கலரை வெச்சே எடுத்துக்கிட்டு இருந்தவன்.

அன்னைக்கு ராத்திரி அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "உன் ரூம்ல ஜார்க்கண்ட்ல இருந்து ஒரு பொண்ணு இருக்குன்னு சொன்னியே, அவங்க பஸ் போர்டுல இருங்காட்டுக்கோட்டையை எப்படிப் படிப்பாங்க?"

சிரிச்சிட்டாள். அந்தப் பொண்ணு வந்த புதுசில், இங்கிலீஷ் போர்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சு, பாதியில் மூச்சு வாங்கி, "கோட்டாய்"னு முடிக்குமாம். நம்ம ஆளுங்க கண்டக்டர் அதை ஒரே மூச்சில் சொல்லிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போயிடுவார்.

தமிழில் எண்ணிப் பாருங்க. இருங்காட்டுக்கோட்டை, பத்து எழுத்து. ஐசோப்ரோப்பைலை இங்கிலீஷில் எழுதினா ஒன்பது. நமக்கு எது சுலபமா இருக்கு, ஏன்? நாம அதைப் பத்து எழுத்தா பார்க்கிறதே இல்லை. இரும், காடு, கோட்டை. மூணு துண்டு. இரும்னா பெரிய. பெரிய காடு, அதில் ஒரு கோட்டை. துண்டு தெரிஞ்சவனுக்கு வார்த்தை நீளமில்லை.

இதை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துட்டாங்க. அதுவும் ரெண்டு தனித்தனி வித்தையா.

முதல் வித்தை, அசை பிரிக்கிறது. நேர், நிரை, தேமா, புளிமா. திருக்குறளை அலகிட்டு வாய்பாடு எழுதினோமே, அதுதான். இருங் / காட் / டுக் / கோட் / டை. நிரை, அப்புறம் நாலு நேர். இது வாய்க்கான வெட்டு. எங்கே மூச்சு விழுதோ அங்கே வெட்டணும், அர்த்தத்தைப் பத்திக் கவலை இல்லை.

ரெண்டாவது, பகுபத உறுப்பிலக்கணம். நன்னூல் சொல்ற ஆறு உறுப்பு: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். "வந்தனன்" என்ற வார்த்தையைப் பிரித்து எழுதுகன்னு பரீட்சையில் கேட்பாங்க. வா, த், த், அன், அன். 'வா' குறுகி 'வ' ஆச்சு, சந்தியா வந்த 'த்' 'ந்' ஆச்சு, ரெண்டும் விகாரம். இது மூளைக்கான வெட்டு. எந்தத் துண்டு என்ன வேலை செய்யுதுன்னு பார்க்கிறது.

இந்த ரெண்டு வெட்டும் பல நேரம் ஒரே இடத்தில் விழாது. இருங்காட்டுக்கோட்டையிலேயே பாருங்க. அசையா வெட்டினா 'காட்' ஒரு பக்கம், 'டுக்' ஒரு பக்கம். காடு ரெண்டா பிளந்துடுச்சு. செய்யுளில் இப்படி ஓசைக்காக வார்த்தையை உடைக்கிறதுக்கு வகையுளின்னே ஒரு பெயர் இருக்கு.

இங்கிலீஷ் அறிவியல் வார்த்தைகளில் நாம மாட்டிக்கிற இடமும் இதுதான்.

ஐசோப்ரோப்பைலை வாய்க்காக வெட்டினா: ஐ - சோ - ப்ரோ - பைல். நாலு துண்டு. மூளைக்காக வெட்டினா: ஐசோ | ப்ரோப் | ஐல். மூணு துண்டு. ரெண்டாவது 'பி' எழுத்து எந்தப் பக்கம் போகுதுன்னு கவனிங்க. வாயில் அது 'ஐல்' கூடச் சேர்ந்து 'பைல்' ஆகுது. அர்த்தத்தில் அது 'ப்ரோப்' கூட நிக்குது. சத்தத்தை மட்டும் கேட்டவனுக்கு ப்ரோப் கண்ணில் படவே படாது. அர்த்தத்தை மட்டும் தெரிஞ்சவனுக்கு வாயில் தடுக்கும். ரெண்டும் வேணும், ஆனா ஒரே நேரத்தில் வேண்டாம். முதலில் ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு.

வாய்க்கு ஒரு சின்ன டெக்னிக். முன்னாலிருந்து ஆரம்பிக்காதீங்க, பின்னாலிருந்து கட்டுங்க. பைல். ப்ரோ-பைல். சோ-ப்ரோ-பைல். ஐ-சோ-ப்ரோ-பைல். முன்னாலிருந்து போனா தெரிஞ்ச இடத்தில் கிளம்பி தெரியாத இடத்தில் போய் நிக்கிறோம், குரல் இறங்கிடும். பின்னாலிருந்து கட்டினா ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே சொல்லிப் பார்த்த இடத்தில்தான் முடிக்கிறோம். போனிலேயே நாலு தடவை சொன்னாள். அஞ்சாவது தடவை வேகமா வந்துடுச்சு.

"சரி அண்ணா, வாயில நுழைஞ்சிடுச்சு. அதுக்கு என்ன அர்த்தம்?"

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்குது. கெமிஸ்ட்ரி பெயர்கள் சும்மா வெச்ச பெயர்கள் இல்லை. உள்ளே எத்தனை கார்பன் இருக்குன்னு பெயரே எண்ணிச் சொல்லுது. மெத் வந்தா ஒரு கார்பன். எத் வந்தா ரெண்டு. ப்ரோப் வந்தா மூணு. ப்யூட் வந்தா நாலு. நம்ம பாடப்புத்தகத்தில் மீத்தேன், ஈத்தேன், புரப்பேன், பியூட்டேன்னு படிச்சோமே, அதே வரிசை. அஞ்சிலிருந்து கிரேக்க, லத்தீன் எண்கள்: பென்ட், ஹெக்ஸ், ஹெப்ட், ஆக்ட். பெட்ரோல் பங்கில் ஆக்டேன்னு பார்க்கிறோமே, எட்டு கார்பன். ஆக்டோபஸுக்கு எட்டுக் கால், அதே எட்டு. 1892இல் ஜெனீவாவில் வேதியியலாளர்கள் கூடி இந்தப் பெயர் முறைக்கு ஒரு ஒழுங்கு கொடுத்தாங்க. முதல் நாலுக்கும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த பழைய பெயர்களையே விட்டுட்டாங்க.

அந்தப் பழைய பெயர்களில் கதை இருக்கு. ப்யூட், வெண்ணெய்க்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கெட்டுப்போன வெண்ணெயில் இருக்கிற அமிலத்தோட பெயர். 'மெத்தைல்', 1830களில் பிரெஞ்சு வேதியியலாளர்கள் டூமாவும் பெலிகோவும் உருவாக்கிய 'மெத்திலீன்' என்ற வார்த்தையிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் மெத்தி என்றால் மது, ஹைலே என்றால் மரம். மரத்திலிருந்து வடிச்ச மது. பெயரில் மது இருக்கு, ஆனா மெத்தனால் குடிக்கிற பொருள் கிடையாது, விஷம். குடிக்கிற சாராயத்தில் இருக்கிறது எத்தனால். மெத், எத். ஒரு கார்பன் வித்தியாசம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடிச்சு 60க்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. ஒரு துண்டோட எடை அவ்வளவு.

இப்போ இன்னும் பக்கத்தில் வர்றேன். நம்ம காரிடாருக்குள்ளேயே.

2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்து பத்தி எல்லா சேனலிலும் ஓடுச்சு, ஞாபகம் இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாராவிலும் அதைச் சுத்தியும் 20க்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க. அந்த மருந்து தயாரான ஆலை இருந்தது சுங்குவார்சத்திரத்தில். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் போற வழி. நம்மில் பல பேர் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கிட்டே கடந்து போற ஊர். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த மருந்தில் ஒரு பேட்சை எடுத்துப் பரிசோதிச்சது. உள்ளே 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அப்புறம் ஆலையை மூடினாங்க, லைசென்ஸை ரத்து பண்ணினாங்க.

இருக்க வேண்டியது எது? ப்ரோப்பைலீன் கிளைக்கால். பாராசிட்டமால் வெறும் தண்ணீரில் சரியா கரையாது, அதனால் கரைக்கிறதுக்கு இதைச் சேர்ப்பாங்க. மருந்துத் தரத்தில் இருந்தா, அளவோடு சேர்த்தா, அனுமதிக்கப்பட்ட பொருள். மருந்துத் தரத்தில் இல்லாத ப்ரோப்பைலீன் கிளைக்காலை அங்கே பயன்படுத்தியதா ஆய்வு சொல்லுச்சு.

ரெண்டு பெயரையும் வெட்டிப் பார்க்கலாம்.

ப்ரோப் | ஐல் | ஈன் | கிளைக்கால். மூணு கார்பன்.

டை | எத் | ஐல் | ஈன் | கிளைக்கால். டைன்னா ரெண்டு. எத்னா ரெண்டு கார்பன். ரெண்டு கார்பன் துண்டு ரெண்டை நடுவில் ஒரு ஆக்சிஜன் வெச்சு இணைச்சது.

கடைசித் துண்டு ரெண்டுக்கும் ஒண்ணுதான்: கிளைக்கால். கிளைக், குளுக்கோஸில் வர்ற குளுக், கிளிசரினில் வர்ற கிளிஸ், எல்லாமே ஒரே குடும்பம். கிரேக்கத்தில் இனிப்புன்னு அர்த்தம். எனக்கு இதைப் படிச்சப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டும் நிறமில்லாத, கொழகொழன்னு இருக்கிற, இனிப்பான திரவம். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. குழந்தை துப்பாது.

இதுக்கு முன்னாடியும் நடந்திருக்கு. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைச்சு வித்தாங்க. 100 பேருக்கு மேல இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் 1938இல் அங்கே புது மருந்துச் சட்டம் வந்தது. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் இதே பொருள் கலந்து 14 பேர் இறந்தாங்க. 2022இல் காம்பியாவில் ஏறக்குறைய 70 குழந்தைகள். ஒவ்வொரு தடவையும் அதே கிளைக்கால்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். வார்த்தையைப் பிரிக்கத் தெரிஞ்சிருந்தா இதைத் தடுத்திருக்கலாம்னு நான் சொல்லலை. பிரிச்சுப் படிக்கிறது லேபிள் என்ன சொல்லுதுன்னு காட்டும். டிரம்முக்குள்ளே என்ன இருக்குன்னு காட்டாது. அதுக்கு லேபில் சோதனை பண்ணணும். கேஸ் க்ரோமட்டோகிராஃபின்னு ஒரு முறை, அது டைஎத்திலீனையும் ப்ரோப்பைலீனையும் தனித்தனியா பிரிச்சுக் காட்டிடும். டிரம் உள்ளே வரும்போதும் மருந்து வெளியே போகும்போதும் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியது தயாரிக்கிறவங்க பொறுப்பு, செஞ்சாங்களான்னு பார்க்க வேண்டியது அரசோட பொறுப்பு. லைனில் நிக்கிற பொண்ணு தலையில் அதைக் கட்டக் கூடாது.

ஆனா இதையும் யோசிங்க. வேலை நடக்கிற இடத்தில் யாரும் முழுப் பெயரைச் சொல்றதில்லை. ஈ.ஜி., டி.ஈ.ஜி., பி.ஜி. மெஷின் சத்தத்தில் இந்த மூணும் காதில் எப்படி விழும்? இன்னும் சுருக்கி, "அந்தக் கிளைக்கால் டிரம்மை எடு"ன்னு சொன்னா? உயிர் பிழைக்க வைக்கிற துண்டு முன்னாடி இருக்கு. நாம வெட்டிப் போடுறதும் அதையேதான். முழுப் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தெரிஞ்சவங்க எண்ணிக்கை ஒரு ஷெட்டில் கூடினா, "இது எந்தக் கிளைக்கால்?"னு கேட்கிறவங்க எண்ணிக்கையும் கூடும்.

சரி, பிரிக்கிறப்போ மாட்டக்கூடிய ரெண்டு மூணு இடங்களையும் சொல்லிடறேன்.

முதல் விஷயம், நடுவில் வர்ற 'ஓ'. தெர்ம்-ஓ-மீட்டர், ஹைட்ர்-ஓ-கார்பன், எலக்ட்ர்-ஓ-பிளேட்டிங். இந்த ஓவுக்கு அர்த்தமே கிடையாது. ரெண்டு துண்டை ஒட்ட வைக்கிற வேலை மட்டும்தான். நம்ம ஊரில் மரம் + ஐ, "மரமை" ஆகாம, "மரத்தை" ஆகுதே, நடுவில் வந்த 'அத்து' மாதிரி. ஆமா, சாரியையேதான். ஓவைப் பார்த்ததும் "இங்கே ஒட்டுப் போட்டிருக்கான்"னு புரிஞ்சுக்கிட்டு அந்த இடத்தில் வெட்டிப் பாருங்க. பாதி வார்த்தைகள் அங்கேயே உடையும்.

ரெண்டாவது, தப்பான வெட்டு. நேஷனல் ஹைவே 48இல் உங்க முன்னாடி போற டேங்கர் லாரியோட பின்பக்கத்தைப் பார்த்திருப்பீங்க: ஹைலி இன்ஃப்ளேமபிள். இன்னுன்னா இல்லைன்னுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்தாங்க? இன்கம்ப்ளீட், இன்கரெக்ட். அப்போ இன்ஃப்ளேமபிள்னா தீப்பிடிக்காததா? இல்லவே இல்லை. லத்தீனில் 'இன்'னுக்கு 'உள்ளே'ன்னும் ஒரு அர்த்தம் உண்டு. உள்ளே தீ மூட்டக்கூடியது. ஃப்ளேமபிளுக்கும் இதுக்கும் அர்த்தம் ஒண்ணுதான். இந்தக் குழப்பத்தால் ஆபத்து வரும்னு பயந்துதான் அமெரிக்காவில் தீத்தடுப்பு அமைப்புக்காரங்க 1920களிலேயே 'இன்'னை எடுத்துட்டு ஃப்ளேமபிள்னு மட்டும் எழுதச் சொன்னாங்க. நம்ம லாரிகளில் இன்னும் ரெண்டும் ஓடுது. அதனால், துண்டோட அர்த்தம் ஒரு ஊகம்தான். ஒரு தடவை சரிபார்த்துட்டு நம்புங்க.

மூணாவது, ஏற்கெனவே நறுக்கின வார்த்தைகள். பாராசிட்டமால் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால். அதில் அங்கங்கே கிள்ளி எடுத்து ஒட்டினது: பாரா, அசிட், அம், ஆல். அமெரிக்காவில் இதே மாத்திரையை அசிட்டமினோஃபென்னு சொல்றாங்க. அதுவும் அதே நீளப் பெயரில் வேற இடத்தில் கிள்ளினது. ரெண்டும் ஒரே மருந்து. வெளிநாட்டுக்குப் போற நண்பர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்க. ரெண்டும் வேற மருந்துன்னு நெனச்சு ரெண்டையும் சேர்த்துப் போட்டா கல்லீரலுக்கு ஆபத்து.

கடைசியா ஒரகடம் பக்கம் இருக்கிற நம்ம கார் கம்பெனி மக்களுக்கு ஒரு பயிற்சி. பெயிண்ட் ஷாப்பில் ஈ.டி. கோட்னு சொல்வீங்க. காரோட பாடியை ஒரு பெரிய தொட்டியில் முக்கி, மின்சாரத்தை விட்டு, பெயிண்ட்டை ஒட்ட வைக்கிற வேலை. அதோட முழுப் பெயரில் ஒரு பூதம் உட்கார்ந்திருக்கு: எலக்ட்ரோஃபோரெட்டிக். பின்னாலிருந்து வாங்க. டிக். ரெட்-டிக். ஃபோ-ரெட்-டிக். ட்ரோ-ஃபோ-ரெட்-டிக். எலக்-ட்ரோ-ஃபோ-ரெட்-டிக். வாய்க்கு முடிஞ்சது. இப்போ மூளைக்கு. ஒட்டுப் போட்ட ஓவில் வெட்டுங்க: எலக்ட்ர் | ஓ | ஃபோர். ஃபோர்னா சுமந்துபோறது. மின்சாரம் பெயிண்ட் துகளைச் சுமந்துபோய் இரும்பில் சேர்க்குது. தொட்டியில் நடக்கிற வேலை முழுசும் பெயரிலேயே இருக்கு. அதுக்கு முன்னாடி ஸ்டேஜில் பாஸ்ஃபேட்டிங் பண்றீங்க இல்லையா, பாஸ்பரஸ்? ஃபாஸ் என்றால் வெளிச்சம், ஃபோர் என்றால் சுமப்பது. வெளிச்சத்தைச் சுமப்பது. ஒரே லைனில் அடுத்தடுத்து ரெண்டு ஃபோர்.

தங்கச்சி கதைக்கு வர்றேன். மறுநாள் மத்தியானம் கூப்பிட்டாள். வாசிச்சாளாம். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், தடுக்காம. அதே பேப்பரில் கீழே ஃபிளாஷ் பாயிண்ட்னு ஒரு வரி இருந்திருக்கு, ஏறக்குறைய 12 டிகிரி. அந்தச் சூட்டிலேயே, பத்த வெச்சா பிடிக்கிற அளவுக்கு ஆவி கிளம்பிடும்னு அர்த்தம். நம்ம ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட அதைவிடச் சூடாத்தான் இருக்கும். அதையும் படிச்சிருக்கா.

"அப்புறம் ஒண்ணு கேட்டுட்டேன் அண்ணா."

"என்ன கேட்ட?"

"லைன்ல அந்த அமுக்கி எடுக்கிற சின்ன பாட்டில் இருக்கில்ல, அதுல ஒண்ணுலயும் பேர் எழுதலையே, எதுல ஐ.பி.ஏ. இருக்குன்னு எப்படித் தெரியும்னு கேட்டேன்."

"சூப்பர்வைசர் என்ன சொன்னாரு?"

"உடனே ஒண்ணும் சொல்லல. டீ டைம்ல ஸ்டிக்கர் ஒட்டினாங்க. ஐ.பி.ஏ.ன்னு மட்டும் போட்டிருந்தாங்க. நான் மார்க்கர் வாங்கி கீழ முழுசா எழுதிட்டேன்."

"எதுல எழுதின, இங்கிலீஷா தமிழா?"

"ரெண்டுலயும். ரூம்மேட் இந்தியிலயும் எழுதிக் கொடுத்துச்சு."

அவ்வளவுதான் மக்களே. உங்க லைனில், உங்க லேபில், உங்க வீட்டு மருந்துப் பெட்டியில் வாயில் நுழையாத வார்த்தை எதாவது இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. தப்பாச் சொன்னாலும் பரவாயில்லை, சொல்லி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சேர்ந்து வெட்டிப் பார்க்கலாம். பார்த்துப் போங்க, நல்லா இருங்க.